ரங்கூன் ஞாயிறு வகுப்பு: டேட்டாபேஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் எங்கள் கோயிலின் பின்கட்டில் ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி டேட்டாபேஸ் (விவரங்களை ஒன்றோடொன்று இணைந்த பட்டியல்களாக வைக்கும் முறை) பழகுகிறோம். சந்தாக் கணக்கு எழுதுகிறவர்கள், தமிழ் வகுப்பு எடுக்கும் அக்காமார், தெய்ஞ்சி சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று கலவையான கூட்டம். கையில் இருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்கள் மைக்ரோசாஃப்ட் அக்செஸ், லிப்ரே ஆஃபீஸ் பேஸ் இரண்டும்தான். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே கேள்விகளோடு வருகிறார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

எல்லாம் எக்ஸெல்லில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அண்ணா? எதற்கு இன்னொன்று?

ஓடும்வரை ஓடட்டும். எங்களுடையது ஓடாமல் நின்ற கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் திருவிழா வசூல் பட்டியலை அகர வரிசைப்படுத்தப் போன ஒரு தம்பி, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டான். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா என்று எக்ஸெல் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திச் சேமித்தும் விட்டான். பெயர்கள் எல்லாம் அழகாக அகர வரிசையில் நின்றன. தொகைகள் பழைய இடத்திலேயே இருந்தன. ஐயாயிரம் கொடுத்தவர் ஐந்து லட்சம் கொடுத்தவர் ஆனார். ரசீது அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்தோம்.

டேட்டாபேஸில் இது நடக்காது. ஒரு ரெக்கார்டு, அதாவது ஒருவரைப் பற்றிய முழு வரி, ஒரே துண்டு. எப்படி வரிசைப்படுத்தினாலும் அதன் கை கால் தனியாகக் கழன்று போகாது.

பெரிய இடங்களிலும் இந்த வகை விபத்து உண்டு. இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனது 2020 அக்டோபரில் தெரியவந்தது. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம். நம் கோயிலுக்கு அத்தனை வரி வரப்போவதில்லை. நம் ஆபத்து வரிசைப்படுத்தும் பொத்தானில் இருக்கிறது.

ஒரே ஒரு பட்டியல், எழுதுவது ஒரே ஆள் என்றால் எக்ஸெல்லே போதும். அதற்காக இந்த வகுப்புக்கு வரவேண்டாம்.

'ரிலேஷனல்' என்கிறீர்கள். டேபிள்களுக்குள் உறவு என்று அர்த்தமா?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்ற கணிதம் படித்தவர் இந்த முறையை முன்வைத்தார். கணிதத்தில் 'ரிலேஷன்' என்பது வரியும் பத்தியுமாக நாம் பார்க்கிற டேபிளையே குறிக்கும். டேபிள்களை இணைக்கும் கோடுகளுக்காக வந்த பெயர் அல்ல.

ஆனால் அந்த இணைப்பைப் புரிந்துகொள்ள நமக்குக் காட் தேவையில்லை, கணக்குப்பிள்ளை போதும். வட்டிக்கடைக் கணக்கு எழுதிய குடும்பத்தில் வந்தவர்களுக்குச் சிட்டையும் பேரேடும் தெரிந்திருக்கும். அன்றன்றைக்கு நடந்தது சிட்டையில். ஒவ்வொரு ஆசாமிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். சிட்டையில் வரவு எழுதும்போது ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்பார்கள். அந்த ஆசாமி எந்தத் தெரு, யார் ஜாமீன் என்பதையெல்லாம் சிட்டையில் திரும்ப எழுதுவதில்லை. பக்கத்தைப் புரட்டினால் இருக்கிறது.

அந்தப் பக்க எண்தான் பிரைமரி கீ. சிட்டையின் ஓரத்தில் குறித்தது ஃபாரின் கீ. ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் சொல்வது. இந்த வகுப்பில் நான் சொல்வதில் முக்கால் பங்கு இதுதான். மீதி எல்லாம் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது.

அக்செஸ் கற்பதா, பேஸ் கற்பதா?

ஏற்கெனவே விண்டோஸும் உரிமம் உள்ள அக்செஸும் இருந்தால் அக்செஸ். அதன் ஃபார்ம் (விவரம் ஏற்றும் திரை), ரிப்போர்ட் (அச்சிடும் அறிக்கை) வசதிகளுக்கு ஈடு இல்லை. 1992 முதல் இருப்பதால் எந்தச் சந்தேகத்துக்கும் எங்கேயாவது பதில் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் தவிர வேறெதிலும் ஓடாது. மேக் வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஒரு டேபிளில் 255 ஃபீல்டுக்கு (பத்திக்கு) மேல் இருக்கக் கூடாது. 255 ஃபீல்டு உங்களுக்குப் போதவில்லை என்றால் டேபிளை வடிவமைத்ததில்தான் கோளாறு.

பேஸ் காசில்லாதது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கொஞ்சம் முரடு. ஜாவா என்ற துணை மென்பொருளைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். டேபிள், குவெரி (டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் கேட்டு எடுப்பது) பழகுவதற்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றில் பழகியவர் மற்றதற்கு ஒரு மாதத்தில் மாறிவிடலாம்.

திருட்டு நகல் பற்றியும் கேட்கிறார்கள். சந்தையில் கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும். கோயில் கணக்கை அதில் எழுதாதீர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டால்?

'போய்விட்டால்' என்ன, போகத்தான் செய்யும். இந்த ஊரில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இதுதான்.

அக்செஸில், ஒரு ரெக்கார்டை விட்டு அடுத்ததற்கு நகர்ந்த கணமே அது வட்டில் எழுதப்பட்டுவிடும். தட்டிக்கொண்டிருக்கும்போது வரியின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பென்சில் தெரியும். பென்சில் இருந்தால் இன்னும் எழுதவில்லை, மறைந்தால் எழுதியாயிற்று. கரண்ட் போனால் பென்சில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் போகும். பெரும்பாலும் அவ்வளவுதான். அபூர்வமாகக் கோப்பே கெடுவதும் உண்டு. அதற்கு 'கம்பாக்ட் அண்டு ரிப்பேர்' என்ற பழுதுபார்க்கும் வசதி இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேஸில் கதை வேறு. வழக்கமான முறையில் தொடங்கினால் டேட்டா முழுவதும் ஒரே கோப்புக்குள் சுருட்டி வைக்கப்படுகிறது. திறக்கும்போது அதை வெளியே எடுத்துப் பரப்பிக்கொள்ளும். கோப்பைச் சேமிக்கும்போதுதான் திரும்ப உள்ளே போகும். ரெக்கார்டைச் சேமித்தால் மட்டும் போதாது, பிரதான சன்னலுக்கு வந்து கோப்பையும் சேமிக்க வேண்டும். ஒரு அக்கா காலை முழுக்க எண்பது குடும்பங்களை ஏற்றிவிட்டு இதைத் தெரியாமல் இழந்தார். அதற்குப் பிறகு பத்து ரெக்கார்டுக்கு ஒருமுறை என்று அவரே எல்லோருக்கும் சட்டம் போட்டுவிட்டார்.

லேப்டாப்பில் வேலை செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் பத்து நிமிடமாவது தாங்கும் யூபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள்.

முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடுவதில்லையே?

ஆமாம். பேப்பர், பென்சில் மட்டும். எந்தெந்தப் பொருளைப் பற்றி எழுதி வைக்கப்போகிறோம் (குடும்பம், ஆள், ரசீது, வகுப்பு), ஒவ்வொன்றைப் பற்றியும் என்ன தெரிய வேண்டும் என்று பட்டியல் போடாமல் திரைக்கு முன் உட்கார்ந்தால், 'சந்தா 2022', 'சந்தா 2023', 'சந்தா 2024' என்று வருடத்துக்கு ஒரு பத்தியாகப் போட்டுக்கொண்டே போவீர்கள். தை பிறந்தால் டேபிளையே மாற்ற வேண்டியிருக்கும். வருடம் பத்தியின் பெயர் அல்ல, ரசீதில் எழுத வேண்டிய ஒரு விவரம். இது பேப்பரில் வரைந்தால் அரை மணியில் புரிகிறது. திரையில் புரிய மாதக்கணக்காகிறது.

ஆளின் பெயரையே கீயாக வைத்தால் என்ன? எண் எதற்கு?

இதை வேறு எந்த ஊர்க்காரர் கேட்டாலும் சும்மா 'கூடாது' என்று சொல்லிவிடலாம். பர்மாத் தமிழர் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. நமக்கு ஒரு பெயரா இருக்கிறது?

வீட்டில் முருகையா, பள்ளிச் சான்றிதழில் ஆங் மின் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயில் ரசீதில் முதல் பெயர், வங்கியில் இரண்டாவது. அர்ச்சனைக்கு வரும் அவருடைய அம்மா சொல்வது மூன்றாவதாக ஒரு செல்லப் பெயர். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா, மகன், பேரன் பெயர்களுக்குள் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். 'கடைசிப் பெயர்' என்று ஆங்கில மாதிரிப் படிவத்தில் ஒரு பத்தி இருக்குமே, அதை முதல் வேலையாக அழித்துவிடுங்கள்.

முன்னால் வரும் மரியாதைச் சொல்லும் பெயர் அல்ல. சின்ன வயதில் மாங், பிறகு கோ, பெரியவர் ஆனதும் ஊ. பெண்களுக்கு மா, பிறகு டோ. வயது ஏற ஏற மாறும். 1961 முதல் 1971 வரை ஐநா பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் தாண்ட் மட்டும்தான். 'ஊ'வையும் பெயரோடு சேர்த்து ஏற்றினால் பாதி ஊர் ஒரே எழுத்தில் வரிசை கட்டி நிற்கும். அதற்குத் தனி ஃபீல்டு வையுங்கள். நம் தலைப்பெழுத்துக்கும் அப்படியே.

நாங்கள் செய்வது இது: 'ஆள்' என்ற டேபிளில் எண், பிறந்த வருடம், குடும்ப எண் மட்டும். 'பெயர்' என்று இன்னொரு டேபிள். அதில் ஆளின் எண், பெயர், எந்த வகைப் பெயர் (தமிழ், பர்மியம், வீட்டுப் பெயர்). ஒருவருக்கு எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனை வரி. எந்தப் பெயரைத் தட்டித் தேடினாலும் அதே ஆளிடம் போய் நிற்கும். இப்படி மாற்றிய பிறகு ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்த பல இடங்கள் தாமாக வெளியே வந்தன. இரண்டு சந்தா கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை, உண்டியலில் போட்டார்.

தாம்வே, தாமுவே, டாமே என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறது. தேடினால் எல்லாம் வருவதில்லை.

கம்ப்யூட்டருக்கு அவை மூன்று ஊர். டவுன்ஷிப்புக்கு ஒரு தனி டேபிள் போட்டு, ஃபார்மில் கீழிறங்கும் பட்டியலாக வைத்து, தட்டவே விடாதீர்கள், தேர்ந்தெடுக்க மட்டும். தெருப் பெயருக்கும் இதுதான். பெரியவர்கள் இன்னும் டல்ஹவுசி தெரு என்பார்கள், பிள்ளைகள் மஹாபண்டூலா என்பார்கள். ஃப்ரேசர் தெருதான் அனவ்ரஹ்தா சாலை. டேபிளில் பழைய பெயருக்கும் ஒரு ஃபீல்டு இருந்தால் தாத்தா சொன்னாலும் கிடைக்கும், பேரன் சொன்னாலும் கிடைக்கும்.

எதற்கு எந்த டேட்டா டைப்?

கூட்டிக் கழிக்கப் போவது மட்டும் எண். ஃபோன் நம்பர் பெயருக்குத்தான் நம்பர். எண் வகையில் போட்டால் 09இன் பூஜ்யம் காணாமல் போகும். டெக்ஸ்ட் போடுங்கள்.

தொகைக்கு அக்செஸில் 'இன்டீஜர்' அளவைத் தேர்ந்தெடுத்தால் 32,767க்கு மேல் ஏறாது. நம் சியாட் கணக்கில் அது என்ன காசு! ஒரு அன்னதானக் கட்டளைகூட அதில் அடங்காது. 'கரன்சி' வகையை எடுத்து, டாலர் குறியை ஃபார்மட்டில் நீக்கிவிடுங்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்செஸில் குவெரியைக் கட்டங்களில் நிரப்பினால் விண்டோஸ் அமைப்புப்படி நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். அதையே எஸ்கியூஎல்லாக (குவெரி எழுதும் மொழி) கையால் எழுதினால் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில். 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 25/04ஐ மட்டும், 25ஆம் மாதம் இல்லாததால், சரியாகப் புரிந்துகொள்ளும். ஆகப் பாதி சரி, பாதி தப்பு. ஒரு எச்சரிக்கையும் வராது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமே இல்லை.

மசாலாக் கடைக்காரருக்கு: அளவை ஒரு ஃபீல்டு, அலகை இன்னொரு ஃபீல்டு. எண்ணெயை வீசையில் வாங்கி லிட்டரில் விற்கிறீர்கள். இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, சொல் நம்முடையதுதான் என்றாலும் ஊரில் தாத்தா காலத்து வீசை 1.4 கிலோ பக்கம்தான் இருந்தது. வெறும் '10' என்று எழுதி வைத்தால் அது எந்தப் பத்து?

46க்கு அடுத்து 48 வருகிறது. 47ஆம் ரசீதை யாராவது அழித்துவிட்டார்களா?

கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்து, பாவம், ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டார்கள். ஆட்டோநம்பர், அதாவது அக்செஸ் தானாகப் போடும் எண், தொடர்ந்து வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒரு புது ரெக்கார்டைத் தட்டத் தொடங்கி, வேண்டாம் என்று எஸ்கேப் அழுத்தினாலே அந்த எண் செலவாகிவிடும்; திரும்ப வராது. திரும்ப வராமல் இருப்பதுதான் அதன் வேலை. ஆட்டோநம்பரை உள்ளுக்குள் கீயாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரசீதில் அச்சடிக்காதீர்கள். அச்சடித்த ரசீதுப் புத்தகத்தின் எண்ணைத் தனி ஃபீல்டில் ஏற்றி, ஒரே எண் இரண்டு தடவை வராதபடி 'யுனீக்' இண்டெக்ஸ் போடுங்கள். அதில் 47 இல்லையென்றால் அப்போது கேளுங்கள்.

இந்த வருடம் சந்தா கட்டாதவர்கள் பட்டியல் வேண்டும். கட்டியவர்கள்தான் வருகிறார்கள்.

இந்தக் குவெரிக்கு முழுதாக ஒரு ஞாயிறு ஒதுக்குவேன்.

இரண்டு டேபிளைச் சாதாரணமாக ஜாயின் செய்தால் (பொதுவான எண்ணை வைத்து இணைத்தால்) இரு பக்கமும் ஜோடி உள்ளவை மட்டும் வரும். ரசீதே இல்லாத குடும்பத்துக்கு ஜோடி ஏது? அதனால் அது பட்டியலிலேயே இருக்காது. அக்செஸில் ஜாயின் கோட்டை இரட்டைச் சொடுக்கிட்டால் மூன்று தெரிவுகள் வரும். குடும்பம் எல்லாவற்றையும் காட்டு, ரசீது இருந்தால் சேர்த்துக் காட்டு என்ற பொருளில் உள்ளதை எடுங்கள். லெஃப்ட் ஜாயின் என்பது இதுதான். ரசீது இல்லாத இடம் வெறுமையாக வரும். அந்த வெறுமைக்குப் பெயர் நல். ரசீது எண்ணுக்குக் கீழே 'இஸ் நல்' என்று நிபந்தனை போட்டால் கட்டாதவர்கள் மட்டும் நிற்பார்கள்.

இங்கேதான் எல்லோரும் விழுவார்கள். 'இந்த வருடம்' என்ற நிபந்தனையையும் அதே குவெரியில் ரசீதுத் தேதிக்குக் கீழே போடுவார்கள். ரசீதே இல்லாதவருக்குத் தேதி எங்கே இருக்கும்? ஒருவர்கூட வரமாட்டார். தேதியைப் போடாமல் விட்டால், ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை கட்டியவரும் கட்டியவராகவே கணக்காவார். வழி இதுதான்: இந்த வருட ரசீதுகளை மட்டும் எடுக்கும் குவெரியை முதலில் எழுதிச் சேமியுங்கள். பிறகு குடும்ப டேபிளை அந்தக் குவெரியோடு லெஃப்ட் ஜாயின் செய்து 'இஸ் நல்' போடுங்கள்.

பட்டியல் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அது வேறு விஷயம்.

ஒரு பிள்ளை இரண்டு வகுப்பில் படிக்கிறது. எங்கே எழுதுவது?

பிள்ளை டேபிளிலும் வேண்டாம், வகுப்பு டேபிளிலும் வேண்டாம். 'சேர்க்கை' என்று மூன்றாவது டேபிள்: பிள்ளை எண், வகுப்பு எண், சேர்ந்த தேதி. வரி ஒன்றுக்கு ஒரு சேர்க்கை. தீமிதிக்கு யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதற்கும் இதே அச்சுதான்.

பர்மிய எழுத்து கலைந்து தெரிகிறது. தமிழ் சில இடத்தில் கேள்விக்குறியாக வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். பர்மிய எழுத்து கலைந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய ஜோஜி எழுத்துருவில் தட்டியது. ஜோஜியும் யூனிகோடும் ஒரே எண்களை வேறு வேறு எழுத்துக்குப் பயன்படுத்துகின்றன. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனால் நம் பழைய கோப்புகள் மாறவில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளால் மாற்றிய பிறகே டேபிளில் ஏற்றுங்கள். இரண்டும் கலந்த டேபிளில் தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக் கோப்புகளுக்கும் அதே வைத்தியம்.

கேள்விக்குறி என்றால், விபிஏ (அக்செஸுக்குள் நிரல் எழுதும் மொழி) நிரலுக்குள் தமிழை நேராக எழுதியிருப்பீர்கள். டேபிளில் தமிழ் தாராளமாக நிற்கும். விபிஏ எழுதும் சன்னலுக்குத்தான் தமிழ் தெரியாது. செய்திகளை ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து எடுங்கள். டேபிள், ஃபீல்டு பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிட்டு, திரையில் தெரியும் தலைப்பை மட்டும் தமிழில் போடுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதலாமா?

அக்செஸில் எழுதலாம். கோப்பை இரண்டாகப் பிரிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது: டேபிள்கள் ஒரு கோப்பில், ஃபார்ம்களும் குவெரிகளும் ஒவ்வொருவர் கணினியிலும் தனிக் கோப்பில். கம்பி வழியாக இணையுங்கள், வைஃபை வேண்டாம். நடுவில் ஒரு கணம் அறுந்தாலும் கோப்பு கெடக்கூடும். கூகுள் டிரைவ் மாதிரி தானாக நகலெடுக்கும் ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் திறக்கவே கூடாது.

அடையாள அட்டை எண்ணையும் ஏற்றலாமா?

எதற்கு? 12/ என்று தொடங்கினால் ரங்கூன், 7/ என்றால் பெகு; எண்ணைப் பார்த்தே ஆளின் பூர்வீகமும் குடியுரிமை வகையும் தெரிந்துவிடும். சந்தா வாங்க அது தேவையில்லை. தேவையில்லாததை ஏற்றினால் லேப்டாப் தொலைகிற அன்று எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்கியூஎல் கற்றே ஆக வேண்டுமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். அப்புறம், கட்டத்தில் செய்த குவெரியை எஸ்கியூஎல் காட்சியில் திறந்து பாருங்கள். நீங்கள் இழுத்துப் போட்டதெல்லாம் அங்கே வாக்கியமாக எழுதியிருக்கும். படித்துப் பழகினால் எழுத வந்துவிடும்.

பழைய நோட்டுகளை ஏற்றி முடித்ததும் எடைக்குப் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. ஒவ்வொரு ரெக்கார்டிலும் நோட்டு எண், பக்க எண் என்று இரண்டு ஃபீல்டு வைத்திருக்கிறோம், எதற்காக? சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டத்தான். மிகப் பழைய நோட்டுகளில் தொகை தமிழ் எண்ணில் இருக்கும்: ௩௱௨௰௫ என்றால் 325. அதை அப்படியே ஏற்றினால் கூட்டல் வராது, மாற்றி ஏற்றுகிறோம். மாற்றியதில் தப்பும் வரும். போன மாதம்கூட ஒருவர் ௧௲ என்றிருந்ததை நூறு என்று ஏற்றிவிட்டார். நோட்டு இருந்ததால் ஆயிரம் என்று பிடித்தோம். நோட்டுகள் இப்போது இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன் வேப்பிலை மாற்றுவது ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் வேலை.